கேமரா வெச்ச இடம்

உங்களுக்கு எத்தனையாவது நெம்பருங்ணா? முப்பத்தெட்டுங்களா. எனக்கு முப்பத்தாறு. இன்னும் பதினஞ்சு பேருக்கு மேல இருக்கறாங்க, கட்டு வைத்தியர் இப்பத்தான் வந்து உக்காந்தாரு. நீங்க காலை நல்லா நீட்டி வையுங்க, நான் இந்த ஓரமா இருந்துக்கறேன். வண்டியில வுழுந்ததுங்களா? நாய் குறுக்க பூந்துருச்சா? அடக் கெரகமே. முட்டிக்குக் கீழன்னா ரெண்டு மாசத்துக்கு எந்திரிக்க வுட மாட்டாங்க. அக்கா கூட வந்திருக்கறாங்களா? டீ வாங்கப் போயிருக்கறாங்களா, சரி சரி. ஆள் தொணை இருந்தா பாதி வலி தெரியாதுங்க. நான் தனியாத்தான் பஸ் ஏறி வந்தேன். சோத்துக் கை இப்படி ஆனதுல சட்டைப் பொத்தான் போடறதுக்கே கால் மணி நேரம் ஆகுது.

எனக்குங்களா? சுண்டு வெரலுக்கும் மோதர வெரலுக்கும் பின்னால இருக்கற எலும்பு ரெண்டும் ஒடைஞ்சு போச்சு. மொத நாள் கட்டுப் போடறப்ப வைத்தியர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப்போட்டு, "யாரை அடிச்சே?"ன்னு கேட்டாரு. பாக்கறவன் எல்லாம் அதையேதான் கேக்கறான். யாரையும் அடிக்கலீங்க. செவுத்தை அடிச்சேன். நம்புங்ணா, செவுத்தைத்தான். உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பேந்து செங்கல் தெரியுது, வேணும்னா வந்து பாருங்க. எல்லாம் ஒரு வெளையாட்டுச் சாமானாலங்க. டிவிக்கு முன்னால நின்னு கையைக் காலை ஆட்டுனா உள்ள இருக்கற பொம்மையும் ஆட்டும் பாருங்க, அந்தச் சாமான்.

டேய்! டேய், மஞ்சச் சட்டை! இங்க உக்காந்திருக்கறவன் எல்லாம் கேனையன்னு நெனைச்சியா? போய் டோக்கன் வாங்கிட்டு வாடா! பாருங்ணா, கண்ணு முன்னாலயே லைன்ல பூந்து போறான். ஒடைஞ்ச கையின்னு பாக்கறேன், இல்லாட்டி அவன் செவுள் பிஞ்சிருக்கும். சரி வுடுங்க.

என்ற பேரு ஈஸ்வரமூர்த்திங்க. கோபியில கேமரா ஈஸ்வரன்னு கேட்டா கொழந்தை கூட ஊட்டைக் காட்டும். கடைகளுக்குக் கண்காணிப்புக் கேமரா மாட்டறதுதான் தொழில். பதினாறு வருசமா. ஜவுளிக் கடை, நகைக் கடை, மண்டபம், பள்ளிக்கூடம், எல்லாம் மாட்டியிருக்கறேன். மத்தவன் மாட்டுனா வாசலும் கல்லாவும் தெரியும், அவ்வளவுதான். நான் மாட்டுனா மூலை தெரியும். திருடறவன் நடு ஹால்லயா நின்னு திருடுவான்? மூலைக்குத்தானுங்க போவான். ஒரு மண்டபத்துல மருமவளுங்க நகைக்குச் சண்டை போட்டது வரைக்கும் என்ற கேமராவுல வுழுந்திருக்குது. ஆனா என்ற ஊட்டுக்குள்ள மாட்டலீங்க. அக்கம்பக்கத்துல கேப்பாங்க, ஊரெல்லாம் மாட்டறே, உன்ற ஊட்டுல எங்கடான்னு. குடும்பம் இருக்கற எடத்துல எதுக்குங்க கேமரா?

என்ற ஊட்டுக்காரி பேரு கலாமணி. சென்னிமலைக்காரி. கட்டி பதினோரு வருசமாச்சு. ஒரே புள்ளை, தர்ஷிகா, ரெண்டாவது படிக்குது. கலாமணிக்கு ஒரு தம்பி, நந்தகோபால். சிங்கப்பூர்ல கப்பல் கட்டற எடத்துல இருக்கறான். மாரியம்மன் நோம்பிக்கு லீவு போட்டுட்டு வந்தவன், நாலு நாள் அக்கா ஊட்டுல இருந்துட்டுப் போறேன்னு வந்தான். வந்தவன் சும்மா வரலீங்க. அக்கா புள்ளைக்குன்னு இந்தச் சாமானைத் தூக்கிட்டு வந்தான். வெனையைப் பெட்டியில போட்டுக் கட்டிக் கொண்டாந்தான்னு வெச்சுக்குங்களேன்.

பெட்டி ஒண்ணு, ஒரு ஜாண் நீளத்துல கட்டையாட்ட கேமரா ஒண்ணு. அந்தக் கட்டையில மூணு கண்ணு. அதை அவன் டிவிக்குக் கீழ, ஷோகேஸ் தட்டுல பொசுக்குனு வெச்சுப்போட்டு, "அவ்வளவுதான் மச்சான், ஆடலாம்"ங்கறான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "மாப்ளே, கப்பல் கட்டறதை நீ பாத்துக்கோ, கேமராவை என்கிட்ட வுடு"ன்னேன். கீழ வெச்சா டீப்பாய் மறைக்கும், சோபாக் கை மறைக்கும், ஆளு மொட்டைக் காலோட தெரிவான். டேப்பை எடுத்து அளந்தேன். எங்க ஹாலு பதினாலுக்குப் பதினொண்ணு. ஆடறவன் டிவியில இருந்து ஏழடி தள்ளி நிக்கோணும். ரெண்டு பேர் நின்னா கை வீசறதுக்குக் குறுக்கால எட்டடி காலியா வேணும். மேக்கால ஜன்னல்ல வெய்யில் அடிச்சா அந்தக் கண்ணு கூசிப் போயிரும், அங்க போர்வையைத் தொங்கவுட்டேன். டீப்பாயைச் சமையக்கட்டுக்குள்ள தள்ளினேன். டிவிக்கு மேல செவுத்துல பலகை அடிச்சு, ஆறே முக்கால் அடி ஒசரத்துல கட்டையை வெச்சு, மொகத்தைச் சித்தெ கீழ சாச்சேன். டிவியில ஓரமா ஒரு சின்னக் கட்டம் வரும், கேமராவுக்கு என்ன தெரியுதுன்னு அதுல பாத்துக்கலாம். பார்த்தேன். தரையில கெடக்கற கடுகு வரைக்கும் தெரிஞ்சுதுங்க.

ஒரு மூலை மட்டும் தெரியலை. சோபா மறைச்சுட்டு இருந்துது.

அந்தச் சோபா எப்பவும் தெக்கு மூலையில குறுக்கால கெடக்கும். அதுக்குப் பின்னால முக்கோணமா ஒரு எடம். சோபாவை நவுத்தறதுக்குக் கை வெச்சேன், புள்ளை ஓடி வந்து பிடிச்சுக்கிச்சு. "அப்பா, அதை நவுத்தாதீங்ப்பா. அது அங்கயே இருக்கட்டுமுங்ப்பா." அழுகறதுக்கு ரெடியா நிக்குது. சமையக்கட்டுல இருந்து கலாமணியும் வந்துட்டா. "ஏனுங், அது பாட்டுக்கு இருக்கட்டுமுங்களே. சோபா என்ன பண்ணுது?" நான் ஒரு பார்வை பார்த்தேன். போய்ட்டா.

இழுத்துப் பார்த்தா பின்னால ஒரு குடித்தனமே நடக்குதுங்க! தலகாணி ஒண்ணு, தண்ணி பாட்டில், பிஸ்கட் டப்பா, கலர் பென்சில், டார்ச் லைட்டு. ஒரு கட்டைப் பையில புள்ளையோட யூனிபாரம் ஒரு செட்டு, கலாமணி சீலை ஒண்ணு, பிரஷ்ஷு ரெண்டு. செப்புச் சாமான் வெளையாட்டு பாருங்க, நெசமான துணியவே எடுத்து வெச்சு வெளையாடுது! எறும்பு வேற. "இப்படித் திங்கறதைக் கொண்டாந்து வெச்சா எலி வரும்"னு சத்தம் போட்டு, எல்லாத்தையும் வாரிக் கொண்டுபோய் ரூம்ல போட்டேன். சோபாவை வடக்குச் செவுத்தோட ஒட்டி வெச்சேன். அந்தச் சின்னக் கட்டத்துல மறுபடியும் பார்த்தேன். நாலு மூலையும் பளிச்சுனு தெரிஞ்சுது. மச்சினனே, "தொழில் தொழில்தான் மச்சான்"னான். புள்ளை மட்டும் அந்த வெறும் மூலையில போய் செவுத்தோட உக்காந்துக்கிச்சு. அழிச்சாட்டியம். கூப்புட்டாலும் வரலை.

அக்கா வந்துட்டாங்களாட்ட இருக்குது. வாங்க்கா, உக்காருங்க. எனக்கு டீ வேண்டாமுங்க, இடது கையில புடிச்சா சிந்திருது. அண்ணங்கிட்ட என்ற கதையைச் சொல்லிட்டு இருக்கறேன். நீங்களும் கேளுங்க, நியாயத்தைச் சொல்லுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை சென்னிமலையில பேச்சு வெச்சிருக்கறாங்க. கலாமணியும் புள்ளையும் என்ற கூட வர்றதா, அங்கயே இருக்கறதான்னு அன்னைக்கு முடிவு. அதுக்குத்தான் நான் எல்லாத்தையும் ஒண்ணு வுடாம யோசிச்சு வெச்சிருக்கறேன்.

அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிப்போடறேன். நான் கையே நீட்டாத ஆளுன்னு சொல்ல மாட்டேன். பொய் எதுக்குங்க? எந்த ஊட்டுல இல்லை? ஆனா காரணமில்லாம நீட்ட மாட்டேன். கஸ்டமர் போன் பண்ணுனதைச் சொல்ல மறந்தாலோ, எதுத்து ஒரு வார்த்தை பேசுனாலோ, பேசாம மூஞ்சியைத் தூக்கி வெச்சாலோ, ரெண்டு சாத்து வுழுகும். கட்டை, பெல்ட்டுன்னு எடுத்ததே கெடையாது, வெறும் கைதான். மூஞ்சியில அடிக்கறதில்லை, நாலு பேரு வந்து போற ஊடு. மண்டையில, முதுகுல, அவ்வளவுதான். புள்ளை மேல இன்னைக்கு வரைக்கும் ஒரு வெரல் பட்டதில்லீங்க. அதை எந்தக் கோயில்ல வேண்ணாலும் சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணுவேன்.

சரி, கதைக்கு வர்றேன். மத்தியானம் சாப்பிட்டு முடிச்சுட்டு ஆட நின்னோம். அதுல நெறைய ஆட்டம் இருக்குது, பந்து அடிக்கறது, படகு வுடறதுன்னு. எனக்குக் குத்துச் சண்டைதான் புடிச்சுது. டிவியில ரெண்டு பொம்மை நிக்கும். நாம குத்துனா அதுவும் குத்தும், நாம ஒதுங்குனா அதுவும் ஒதுங்கும். அடி வுழுந்தா பொம்மை வாயில இருந்து ரத்தமாட்ட தெறிக்கும். நல்லா இருக்குமுங்க. ஆட்டத்துல சேரோணும்னா கேமராவுக்கு முன்னால ரெண்டு கையையும் தூக்கி மூஞ்சியை மறைச்சாப்பல நிக்கோணும். அப்படி நின்னாத்தான் ஆளு ரெடின்னு அந்த மெஷின் எடுத்துக்கும். மச்சினன் நாலு தடவை நின்னான், கை எறக்கம், முழங்கை அகலம்னு எடுத்துக்கவே மாட்டேன்னுது. எனக்கு மூணாவது தடவை எடுத்துச்சு.

மச்சினனோட மொத ஆட்டம். ரெண்டாவது ரவுண்டுல பொம்மையை மல்லாத்திட்டேன். குத்துன்னா குத்து, சும்மா பொளந்து கட்டிட்டேன். அவன் பொம்மை கீழ கெடக்குது, நான் அப்பவும் நிறுத்தலை. வேர்த்து வழியுது எனக்கு, ஒடம்பெல்லாம் அப்படி ஒரு ஜிவ்வுன்னு. மச்சினன் சிரிச்சுட்டே, "முடிஞ்சுது மச்சான், முடிஞ்சுது"ங்கறான். அப்பறம் அவனே போயி அக்காவைக் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்தான். "நீ ஆடுக்கா, நீதான் எனக்காக மச்சானை அடிக்கோணும்."

அவ வரலைன்னா. பாத்திரம் கெடக்குது, எனக்கு இதெல்லாம் தெரியாதுன்னா. நான்தான் வம்புக்கு இழுத்தேன். "வா அம்முணி, பயப்படாதே, அடிக்க மாட்டேன்"னு சொன்னேன். தமாசுக்குத்தானுங்க சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கலை.

சீலையைத் தூக்கிச் சொருகிட்டு வந்து நின்னா. கையைத் தூக்கி மூஞ்சிக்கு முன்னால வெச்சா. ஒரே தடவைங்க! மொதத் தடவையே மெஷின் டிங்குன்னு எடுத்துக்கிச்சு. மச்சினன் கை தட்டினான்.

மணி அடிச்சுது. நான் வலது கையில ஒண்ணு வுட்டேன். இல்லை, ஆளு அங்க இல்லை. இடது கையில ஒண்ணு. குனிஞ்சுட்டா. கீழ வுட்டேன், பின்னால போனா. மேல வுட்டேன், தோளை மட்டும் ஒரு திருப்பு திருப்புனா, பொம்மை காதோரமா என்ற குத்து காத்துல போவுது. நான் கையைத் தூக்கறதுக்கு முன்னாலயே அவ நவுந்துடறா, அதெப்படிங்க? மொத ரவுண்டுல ஒண்ணு கூட வுழுகலை. மச்சினன் குதிக்கறான். "அக்கா, எங்கக்கா கத்துக்கிட்டே இதை? சிங்கப்பூர்லயே இப்படி ஒதுங்கற ஆளைப் பார்த்ததில்லைக்கா!"ன்னு விசில் அடிக்கறான். எனக்குப் பத்திக்கிட்டு வருது.

ரெண்டாவது ரவுண்டு. அதே கதை. திரும்பக் குத்தவே மாட்டேங்கறாளுங்க, ஒரு குத்துக் கூட வுடலை, ஒதுங்கறது, குனியறது, மண்டையைச் சுத்திக் கையை வெச்சுக்கறது, அவ்வளவுதான். அப்பத்தான் ஒண்ணு கவனிச்சேன். ஆட்டம் ஆடறவன் எதைங்க பாக்கோணும்? டிவியைத்தானே பாக்கோணும்? இவ டிவியைப் பாக்கவே இல்லைங்க. பக்கத்துல நிக்கற என்னையப் பாக்கறா. என்ற தோளையே பாத்துட்டு இருக்கறா. தோள் எந்தப் பக்கம் எறங்குதுன்னு பாத்து அதுக்குத் தக்கன ஒதுங்கறா. இது ஏமாத்து வேலைங்களா இல்லீங்களா?

மச்சினனும் அதைக் கண்டுபுடிச்சுட்டான். விசில் அடிக்கறதை நிறுத்திட்டு, மெதுவா, "மச்சான், அக்கா டிவியைப் பாக்கவே இல்லையே"ன்னான். "அதைத்தாண்டா நானும் சொல்றேன், ஏமாத்தறா பாரு!"ன்னேன். அந்த நிமிசம் அவன் என்ற பக்கம்னுதானுங்க நெனைச்சேன்.

மூணாவது ரவுண்டு. அது ஆரம்பிக்கறதுக்கு முன்னால மெஷின் கணக்குக் காட்டுச்சு. நான் வுட்ட குத்து நாப்பத்தொண்ணு. வுழுந்தது ஒண்ணுமில்லை. தற்காப்புக்கு அவளுக்கு நூத்துக்கு நூறு. ஏனுங்க்கா, நீங்களே சொல்லுங்க, கட்டுன பொண்டாட்டிகிட்ட, மச்சினன் முன்னால, நாப்பத்தொரு குத்து வுட்டு ஒண்ணு கூட வுழுகலைன்னா ஒரு ஆம்பளைக்கு எப்படி இருக்கும்? ஒண்ணே ஒண்ணு வுழுந்தாப் போதும்னு ஆயிருச்சுங்க. டிவியை மறந்துட்டேன். நானும் அவளையே பாக்க ஆரம்பிச்சுட்டேன். கையை நல்லா ஓங்கி ஓங்கி வுடறேன். அவ பின்னாலயே போறா, கோடு தாண்டிப் போறா, நானும் போறேன்.

அப்ப மெஷின் டிங்குன்னுது. டிவியில மூணாவதா ஒரு பொம்மை எந்திரிச்சு நிக்குது. சின்னப் பொம்மை, பச்சை டவுசர் போட்டுட்டு. மூணாவது ஆட்டக்காரர் ரெடின்னு எழுத்து வருது. எவன்டா அது ஆட்டத்துக்குள்ள பூந்தவன்னு ஓரத்துல இருக்கற கட்டத்தைப் பார்த்தேன். புள்ளைங்க. அந்த மூலையில, செவுத்தோட, முட்டியைக் கட்டிட்டு உக்காந்திருந்ததுல்ல, அது ரெண்டு கையையும் தூக்கி மண்டையைச் சுத்தி மூடிட்டு இருக்குது. கலாமணி எப்படி வெச்சிருந்தாளோ அதே மாதிரி. மெஷினுக்கு என்னங்க தெரியும்? ஆளு ஆட ரெடின்னு எடுத்துக்கிச்சு.

கலாமணி அதைப் பார்த்தா. மொதத் தடவையா அப்பத்தான் டிவியைப் பார்த்தா. பார்த்துப்போட்டு நேரா ஓடி, புள்ளைக்கு முன்னால போயி நின்னா. கையைத் தொங்கப் போட்டுட்டு, என்னைப் பார்த்துட்டு. ஒதுங்கலை.

ரவுண்டு முடியலீங்க. இன்னும் இருவது செகண்டு இருந்துது, நான் பொய் சொல்லலை, கடியாரம் ஓடிட்டு இருந்துது. ஆட்டத்துல எதுத்தாப்பல ஆளு கையை எறக்கிட்டு நின்னா குத்தறதுதானுங்க மொறை? ஓங்கி வுட்டேன். மச்சினன் பின்னால இருந்து முழங்கையில ஒரு தள்ளு தள்ளிட்டான். அவ காதுக்குப் பக்கத்துல செவுத்துல போயி வுழுந்துது. சத்தம் கேட்டுச்சு பாருங்க, கரும்பு முறியறாப்பல, அது செவுருன்னு நெனைச்சேன், கை. அவ தலையில எல்லாம் சுண்ணாம்பு. கண்ணைக் கூட மூடலீங்க அவ. அத்தனை குத்துக்கும் ஒதுங்குனவ, அந்த ஒண்ணுக்கு ஒதுங்கவே இல்லை. ஏன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை.

அப்ப மணி அடிச்சுது. மெஷின் ஓன்னு கை தட்டுச்சு. ஆட்டம் முடிஞ்சா அது நடுவுல எடுத்த போட்டோவையெல்லாம் டிவியில பெருசாக் காட்டும், கலர் காயிதம் கொட்டறாப்பல. நாலு போட்டோ. நான் கையைப் புடிச்சுட்டுக் குனிஞ்சிருக்கறேன். மச்சினன் அந்த நாலையும் நின்னு பார்த்தான். ஒவ்வொண்ணாப் பார்த்தான். அப்பறம் திரும்பி வந்தான்.

வந்தவன் என்ற சட்டையைப் புடிச்சுத் தூக்கி வாயில ஒண்ணு வுட்டான். இந்தப் பல்லு, இங்க பாருங்க, இது அப்பப் போனது. நான் இடது கையால அவன் கழுத்தைப் புடிச்சேன், அவன் முட்டியால வயித்துல குடுத்தான். கீழ வுழுந்தேன், நெஞ்சு மேல ஏறி உக்காந்துக்கிட்டான். இந்தக் கன்னம், அந்தக் கன்னம், இந்தக் கன்னம், அந்தக் கன்னம். மூக்குல இருந்து ரத்தம் வாய்க்குள்ள போவுது. ஒதுங்கலாம்னு பார்த்தா எங்க ஒதுங்கறது? எந்தப் பக்கம் அடி வருதுன்னே தெரிய மாட்டேங்குது. அந்த மெஷின் கெரகம் புடிச்சது, அது வேற எங்களைப் பாத்து அடுத்த ஆட்டம் ஆரம்பிச்சுருச்சுன்னு டிங்கு டிங்குன்னு அவனுக்குப் பாயிண்ட் போட்டுட்டு இருக்குது! "கலாமணி, சொல்லுடி உன்ற தம்பிகிட்ட"ன்னு கத்தறேன். அவ புள்ளை மூஞ்சியை வயித்தோட வெச்சுப் புடிச்சுட்டு நின்னா. ரொம்ப நேரம் கழிச்சு, "போதும் நந்து, வா போலாம்"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

பொழுது எறங்கறதுக்குள்ள கெளம்பிட்டாங்க. எடுத்து வைக்கறதுக்கு நேரமே ஆகலை. புள்ளை ரூமுக்குப் போயி அந்தக் கட்டைப் பையை எடுத்துட்டு வந்து அம்மா கையில குடுத்துச்சு. அவ்வளவுதான் சாமான். வெளையாட்டுக்குக் கட்டி வெச்ச பையி அன்னைக்கு நெசமாவே ஒதவுச்சு பாருங்க.

இப்ப ஞாயித்துக்கிழமை என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். அடிச்சான், கொல்லப் பார்த்தான்னு மச்சினன் சொல்லுவான். அதுக்குத்தான் அந்த மெஷின்ல இருந்து நாலு போட்டோவையும் இந்தப் போன்ல ஏத்தி வெச்சிருக்கறேன். இந்தாங்ணா, பாருங்க. தள்ளித் தள்ளிப் பாருங்க. எல்லாத்துலயும் என்ற கைக்கும் அவளுக்கும் நடுவுல எவ்வளவு எடம் இருக்குதுன்னு பாருங்க. ஒண்ணாவது பட்டிருக்குதா? நாப்பத்தொரு குத்துல ஒண்ணு கூடப் படலைன்னு அந்த மெஷினே எழுதிக் குடுத்திருக்குது. இதை விட என்னங்க சாட்சி வேணும்? அக்காகிட்டயும் குடுங்க, பாக்கட்டும்.

என்னுங்க்கா, கடைசி போட்டோவையே பாத்துட்டு இருக்கறீங்க? மூலையில இருக்கறதா? அதுதானுங்க என்ற புள்ளை. ஏழு வயசு முடிஞ்சு ஆடி வந்தா எட்டு. கையை அப்படி வெச்சிருக்கறதைக் கேக்கறீங்களா? அதுதானுங்க எனக்கும் புரியலை. அது மேல ஒரு வெரல் பட்டதில்லைன்னு அப்பவே சொன்னேனுங்களே. அம்மாக்காரியைப் பார்த்துக் கத்துக்கிச்சாட்ட இருக்குது. தப்பு எதுன்னா, கேமரா வெச்ச எடந்தானுங்க. மச்சினன் வெச்ச மாதிரி கீழ தட்டுலயே வுட்டிருந்தா டீப்பாய் மறைச்சிருக்கும், சோபா மறைச்சிருக்கும், புள்ளை அதுக்குப் பின்னால இருந்திருக்கும், மெஷின் எடுத்திருக்காது, இத்தனை ரகளை ஆயிருக்காது. தொழில் தெரிஞ்சவன் ஊட்டுல இப்படி ஆவுது பாருங்க.

எதுக்குங்க்கா அண்ணனை எந்திரிக்கச் சொல்றீங்க? காலு ஒடைஞ்சவரை எங்க தூக்கிட்டுப் போறீங்க? அந்த பெஞ்சுலயா? அங்க வெய்யில் அடிக்குமுங்க. சரி, உங்க இஷ்டம். போனைக் குடுத்துட்டுப் போங்க.

ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போங்க்கா. அவங்க கட்டாயம் வந்துருவாங்க. எப்படிச் சொல்றேன்னா, நேத்துப் பொழுதோட நான் போன் பண்ணினேன். புள்ளைதான் எடுத்துச்சு. சாப்பிட்டியான்னேன், உம்முன்னுது. அப்பாகூட நம்ம ஊட்டுக்கு வர்றியா சாமின்னேன். அப்பறம், "அப்பா, அந்தச் சோபா பழைய எடத்துல இருக்குதுங்ளா?"ன்னு கேட்டுச்சு. இல்லை கண்ணு, அப்பா எடுத்துப் போட்டுட்டேன், இப்ப அந்த மூலையில ஒண்ணுமே இல்லை, ஊடே பளிச்சுனு இருக்குதுன்னேன். போன் கட்டாயிருச்சு. டவர் கெடைக்கலையாட்ட இருக்குது. ஆனா பாருங்க, ஊட்டு நெனப்பு இருக்குது அதுக்கு. இல்லாட்டிச் சோபாவைப் பத்தி எதுக்குங்க கேக்கோணும்?